எம்.டெக். படிக்கக் காசு எங்கே இருக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

பொறியியல், கம்ப்யூட்டர் துறைகளில் மேற்படிப்புக்குக் கிடைக்கும் உதவித்தொகை பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். பட்டியல் இனம், பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போனவர்கள், பெண்கள் என்று இந்த வகுப்பறைகளில் குறைவாகவே தென்படும் பிள்ளைகளுக்கான திட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

"பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எஸ்.சி. பிரிவு. அப்பா கல் குவாரியில் கூலி. எம்.இ. சேர சீட்டா தேர்வு போதும், கேட் எல்லாம் நமக்கு எதற்கு என்கிறார்கள் சீனியர்கள். சரியா?" – வாசகி, அரூர்

இடம் கிடைக்க சீட்டா (தமிழ்நாட்டில் எம்.இ., எம்.டெக். சேர்க்கைக்கான பொது நுழைவுத் தேர்வு) போதும். காசு கிடைக்க அது போதாது. சீனியர்கள் சொல்லாமல் விட்டது இந்தப் பாதியைத்தான்.

ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேர எம்.இ., எம்.டெக். சேரும்போது கையில் செல்லுபடியாகும் கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான தேசியத் தகுதித் தேர்வு) ஸ்கோர் இருந்தால் ஸ்டைபண்ட், அதாவது மாத உதவித்தொகை, 12,400 ரூபாய், 24 மாதத்துக்கு. பெருக்கினால் 2,97,600. அதே வகுப்பில், அதே பெஞ்சில், சீட்டா மட்டும் எழுதிச் சேர்ந்தவருக்கு இந்தத் தொகை இல்லை. சேர்ந்த பிறகு கேட் எழுதிப் பாஸ் செய்தாலும் வராது. சேரும் நாளில் ஸ்கோர் இருந்திருக்க வேண்டும்.

"கேட் கஷ்டம்" என்ற பேச்சில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஐ.ஐ.டி.யில் இடம் பிடிக்கத்தான் பெரிய ரேங்க் வேண்டும். இந்த ஸ்டைபண்டுக்குத் தகுதி மதிப்பெண்ணைத் தாண்டினால் போதும். அந்தக் கோடும் எல்லாருக்கும் ஒன்றல்ல. பொதுப் பிரிவுக்கு வைக்கும் மதிப்பெண்ணில் 90 சதவீதம் ஓ.பி.சி.க்கு; மூன்றில் இரண்டு பங்கு எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு. உதாரணத்துக்குப் பொதுப் பிரிவுக்கு 30 என்று வந்தால் உங்களுக்கு 20. நூற்றுக்கு!

இந்த இருபதை எங்கே எடுப்பது? கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் பொதுத்திறன் 15 மதிப்பெண், கணிதம் 13 மதிப்பெண் அளவுக்கு வரும். இரண்டும் சேர்ந்து 28. கம்பைலரும் கணினி நெட்வொர்க்கும் மலையாகத் தெரிந்தால், முதல் மூன்று மாதத்தை இந்த 28-க்குக் கொடுங்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பினால் கழிவு உண்டு: ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒன்று, இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டு. எண்ணை நேரடியாகத் தட்டும் கேள்வியிலும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை உள்ள கேள்வியிலும் கழிவு கிடையாது. அவற்றில் ஒன்றைக்கூட வெறுமனே விட்டுவிட்டு எழுந்து வராதீர்கள்.

மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், ஸ்கோர் 3 ஆண்டுக்குச் செல்லும். எனவே இந்த ஆண்டு ஒரு முறை, அடுத்த ஆண்டு ஒரு முறை என்று இரண்டு வாய்ப்பு இருக்கிறது. பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் மற்றவர்கள் கட்டுவதில் பாதிதான். விண்ணப்பம் ஆகஸ்ட்–செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில், முடிவு மார்ச்சில். 2024 முதல் டேட்டா சயின்ஸ் – செயற்கை நுண்ணறிவுக்குத் தனித் தாளும் இருக்கிறது. புள்ளியியலில் பிடிப்புள்ளவர்கள் அதையும் பார்க்கலாம்.

சீட்டாவையும் எழுதுங்கள். அது இடத்துக்குக் காப்பு.

"எம்.இ. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. கேட் ஸ்கோர் இருக்கிறது, ஏ.ஐ.சி.டி.இ. போர்ட்டலில் எல்லாம் ஏற்றிவிட்டேன். பேங்கில் ஆதாரும் கொடுத்திருக்கிறேன். ஒரு ரூபாய் வரவில்லை." – வாசகர், திருமங்கலம்

இந்த வகைக் கடிதம்தான் நமக்கு ஓயாமல் வருகிறது. காரணம் அநேகமாக நான்கில் ஒன்று. வரிசையாகப் பாருங்கள்.

முதலில் ஆதார். பேங்கில் ஆதார் நகல் கொடுப்பது வேறு, கணக்கில் ஆதார் 'சீடிங்' ஆவது வேறு. முன்னது அடையாளத்துக்கு. பின்னது, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் பட்டியலில் 'இந்த ஆதார் எண்ணுக்கு வரும் அரசுப் பணம் இந்த வங்கிக்குப் போகட்டும்' என்று பதிவாவது. ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியாக எந்த வங்கியில் பதிந்தீர்களோ அதுதான் நிற்கும். சிம் கார்டு வாங்கப்போன கடையில் கைரேகை வைத்தபோது பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு ஒன்று திறந்திருக்கலாம், நமக்கே தெரியாது. பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். 'மை ஆதார்' தளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் வரும் வங்கியின் பெயர் நீங்கள் போர்ட்டலில் கொடுத்த வங்கிதானா? இல்லையென்றால் உங்கள் கிளைக்குப் போய் சீடிங் படிவம் கேட்டு எழுதிக் கொடுங்கள். 'ஆதார் லிங்க் பண்ணணும்' என்று மட்டும் சொன்னால், 'ஏற்கெனவே லிங்க் ஆகியிருக்கே' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'டி.பி.டி. (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு) வருவதற்கு சீடிங்' என்று சொல்லுங்கள். சில நாள் கழித்து அதே கட்டத்தை மறுபடி பாருங்கள்.

இரண்டாவது, கணக்கின் வகை. பள்ளியில் படிக்கும்போது குறைந்த ஆவணத்தோடு திறந்த 'சிறு கணக்கு' இன்னும் அப்படியே இருக்கும். அதில் எந்த நேரத்திலும் இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது, ஆண்டு வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு ஐந்து மாத நிலுவை 62,000. மொத்தமாக வந்தால் கணக்கு ஏற்காமல் பணம் திரும்பிப் போகக்கூடும். ஒவ்வொரு மாதமும் 12,400 வந்தால்கூட ஆண்டுக்கு 1,48,800; அதுவும் மீறல்தான். முழு ஆவணம் கொடுத்துச் சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாற்றுங்கள். அம்மாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கும் வேண்டாம்.

மூன்றாவது, கல்லூரி. மாணவர் ஐ.டி. உருவாக்குவது கல்லூரி, நீங்கள் ஏற்றியதைச் சரிபார்த்து ஒப்புதல் தருவது கல்லூரி, அதன்பின் மாதாமாதம் வருகையைப் பார்த்து 'இவருக்குக் கொடுக்கலாம்' என்று அழுத்துவதும் கல்லூரி. அந்த வேலையைப் பார்க்கும் ஆசிரியர் விடுப்பில் போனால் வகுப்பு மொத்தத்துக்கும் அந்த மாதம் நிற்கும். உங்கள் நண்பர்களுக்கும் வரவில்லை என்றால் சிக்கல் அங்கேதான்; நீங்கள் பேங்குக்கு அலைய வேண்டாம். துறைத்தலைவர் வழியாக முதல்வருக்கு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள்.

நான்காவது, பெயர். அதற்கு அடுத்த கடிதம்.

"பத்தாவது மார்க் ஷீட்டில் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால். கேட் கார்டில் இனிஷியல் பின்னால். இது பெரிய விஷயமா?" – வாசகி, பரமக்குடி

நமக்கு இல்லை, கம்ப்யூட்டருக்குப் பெரிய விஷயம். தமிழ்நாட்டுப் பெயரில் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாததால் வரும் தொல்லை இது. 'க. மலர்', 'மலர் க', 'மலர் கண்ணன்' மூன்றும் ஒரே பெண் என்று தாசில்தாருக்குத் தெரியும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் போர்ட்டலுக்குத் தெரியாது.

எதை எதற்கு ஏற்ப மாற்றுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றப் புறப்படாதீர்கள், அது நெடுங்கதை. அதில் உள்ளபடி ஆதாரை மாற்றுங்கள், ஆதாரில் உள்ளபடி வங்கிக் கணக்கை மாற்றுங்கள், அதன்பின் கேட் விண்ணப்பத்தில் அதே எழுத்துகளை, அதே இடைவெளியோடு தட்டுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம் என்பதால் ஒரே தடவையில் சரியாகச் செய்யுங்கள். வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் பாஸ்போர்ட்டையும் இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள்: அங்கே இனிஷியலை விரித்துத்தான் எழுதச் சொல்வார்கள். எனவே அப்பா பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறோம் என்பது எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும்.

"நாங்கள் எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் பச்சைத் தாளில் லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். என்.ஐ.டி. கவுன்சலிங்கில் இதைக் காட்டினால் போதுமா?" – வாசகர், திண்டிவனம்

போதாது. பி.சி., எம்.பி.சி. என்பது தமிழ்நாட்டு அரசின் பிரிவு. மத்திய நிறுவனங்களுக்கு ஓ.பி.சி. – நான் கிரீமிலேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த அடுக்கில் வராதவர்) என்று மத்திய அரசின் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் தருவார். அதற்கு முன் உங்கள் சாதி மத்திய ஓ.பி.சி. பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத சாதிகள் உண்டு.

சாதி மாறாது, ஆனால் கிரீமிலேயர் நிலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால்தான் சேரும் ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கிய சான்றிதழைக் கேட்கிறார்கள். பிப்ரவரியில் சுறுசுறுப்பாக வாங்கி வைத்தவர் ஜூனில் திரும்ப ஓடுவது இதனால்தான்.

இன்னொன்று. கிரீமிலேயருக்கு ஆண்டு வருமானம் 8 லட்சம் வரம்பு என்றதும் பல வீடுகளில் அப்பாவின் சம்பளத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு 'நமக்குக் கிடைக்காது' என்று விட்டுவிடுகிறார்கள். கிரீமிலேயர் வருமானக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. அரசு வேலையில் இருப்பவர்களுக்குப் பதவி நிலையை வைத்துத் தனி விதி. கடைநிலை ஊழியரின் பிள்ளை சம்பளக் கணக்கைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. லேமினேட் செய்தது பற்றி ஒரு வார்த்தை: அசல் சான்றிதழ்களை லேமினேட் செய்யாதீர்கள். சரிபார்ப்பு மேசையில் முத்திரையைத் தடவிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

"முதல் பட்டதாரிச் சான்றிதழ் வைத்து பி.இ.யில் கட்டணச் சலுகை கிடைத்தது. எம்.இ.க்கும் கிடைக்குமா? புதுமைப் பெண் 1,000 ரூபாயும் தொடருமா?" – வாசகி, சங்கரன்கோவில்

இரண்டும் இளநிலையோடு முடிகின்றன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான். வீட்டின் முதல் பட்டதாரி இப்போது நீங்கள்தான்! உங்களுக்கு இனி கேட் ஸ்டைபண்ட் அல்லது சமூகப் பிரிவுக்கான உதவித்தொகை.

"எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, கேட் ஸ்டைபண்ட் இரண்டையும் சேர்த்து வாங்கலாமா?" – வாசகர், கள்ளக்குறிச்சி

முடியாது. போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான உதவித்தொகை) பெறுபவர் வேறு உதவித்தொகை பெறக் கூடாது என்பது விதி, ஏ.ஐ.சி.டி.இ.யும் வேறு இடத்திலிருந்து பணம் பெறக் கூடாது என்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பேனா எடுத்துக் கணக்குப் போட்டால் போதும்.

போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். எம்.இ. முதல் குழுவில் வரும்: கட்டாயக் கட்டணமும், அதற்கு மேல் ஆண்டுக்கு விடுதி மாணவருக்கு 13,500, வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000 ரூபாய் படிப்புப் படியும். கேட் ஸ்டைபண்ட் ஆண்டுக்கு 1,48,800. ஆக, நீங்கள் விடுதியில் இருந்தால், கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு 1,35,300-க்குக் கீழே இருக்கும் வரை கேட் ஸ்டைபண்ட்தான் லாபம். வீட்டிலிருந்து போனால் அந்தக் கோடு 1,41,800. அரசுக் கல்லூரி என்றால் யோசிக்கவே வேண்டாம்.

கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது. ஸ்டைபண்டுக்கு வாரம் 8 முதல் 10 மணி நேரம் கற்பித்தல், ஆய்வக வேலை செய்ய வேண்டும். இளநிலை மாணவர்களின் லேப் ரெக்கார்டு திருத்துவதுதான் பெரும்பாலும். அதையும் அனுபவம் என்றே எடுத்துக்கொள்ளலாம். போஸ்ட் மெட்ரிக்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்துவிடாதீர்கள், அங்கே இந்தத் திட்டம் கிடையாது. மத்திய அரசின் பங்கான 60 சதவீதம் மாணவரின் கணக்குக்கே நேராக வரும். அது கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம். வந்த அன்றே கட்டிவிடுங்கள். வீட்டுக் கடனுக்கு எடுத்துவிட்டு, பரீட்சை நேரத்தில் ஹால் டிக்கெட் கிடைக்காமல் தவிப்பதைத் தவிர்க்கலாம்.

"எம்.சி.ஏ. சேர்ந்திருக்கிறேன். கேட் பாஸ். ஸ்டைபண்ட் கேட்டால் இல்லை என்கிறார்கள்." – வாசகி, நாமக்கல்

அவர்கள் சொல்வது சரி. அந்தத் திட்டம் எம்.இ., எம்.டெக்., எம்.ஆர்க்., எம்.டெஸ். படிப்புகளுக்கு. எம்.சி.ஏ. அதில் இல்லை. போஸ்ட் மெட்ரிக்கில் எம்.சி.ஏ. இருக்கிறது, தகுதி இருந்தால் அந்தப் பக்கம் போங்கள். ஸ்கோர் காலாவதி ஆவதற்குள் எம்.சி.ஏ. முடிந்தால், எம்.சி.ஏ.வை ஏற்கும் எம்.டெக். பிரிவுகள் சில நிறுவனங்களில் உண்டு; அப்போது இந்த ஸ்கோர் கைகொடுக்கும்.

"கேட் ரேங்க் நன்றாக வந்தால் ஐ.ஐ.டி.யிலிருந்து தானாகக் கூப்பிடுவார்களா?" – வாசகர், தென்காசி

கூப்பிட மாட்டார்கள். என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. என்ற ஒரே கவுன்சலிங். ஐ.ஐ.டி.களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போட வேண்டும். அது தவிர கோப் என்ற பொதுத் தளத்திலும் பதிய வேண்டும், இடம் கிடைத்த செய்தி அங்கேதான் வரும். கோப்பில் மட்டும் பதிந்துவிட்டு எந்த ஐ.ஐ.டி.க்கும் விண்ணப்பிக்காமல் காத்திருந்து ஏமாறுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். கேட் முடிவு வந்த சில வாரங்களிலேயே விண்ணப்பங்கள் திறந்து மூடிவிடும்.

இடம் வந்தால் மூன்று பொத்தான்: ஏற்று முடித்துக்கொள்வது, வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டுக் காத்திருப்பது. எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் கைநழுவும். இரண்டு நாள் கெடுதான் இருக்கும், அந்த வாரத்தில் ஊர்த் திருவிழா என்று நெட் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். ஐ.ஐ.டி.களில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு டியூஷன் கட்டணம் கிடையாது. விடுதி, மெஸ், இதர கட்டணங்கள் உண்டு. ஸ்டைபண்டின் முதல் தவணை தாமதமாகும் என்பதால், முதல் இரண்டு மாத மெஸ் பணத்துக்கு மட்டும் முன்கூட்டியே வழி பாருங்கள்.

"எனக்குப் பார்வைக் குறைபாடு 75 சதவீதம். கேட் எழுத என்ன வசதி? உதவித்தொகை தனியாக உண்டா?" – வாசகர், உசிலம்பட்டி

40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் மாற்றுத்திறனாளிப் பிரிவு. 3 மணி நேரத் தேர்வுக்கு மணிக்கு 20 நிமிடம் வீதம் கூடுதலாக 1 மணி நேரம். உதவி எழுத்தரும் கேட்கலாம். ஆனால் இரண்டையும் விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். தேர்வு மையத்தில் போய்க் கேட்டால் நடக்காது. யூ.டி.ஐ.டி. அட்டை (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இல்லையென்றால் அதை முதலில் வாங்குங்கள், மாவட்ட அளவில் மருத்துவக் குழு கூடும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டிவரும்.

கேட் ஸ்டைபண்ட் உங்களுக்கும் உண்டு. அதற்கு மாற்றாக, மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, பட்டியலிடப்பட்ட உயர் நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு 'டாப் கிளாஸ்' உதவித்தொகை தருகிறது. தேசிய உதவித்தொகைப் போர்ட்டல் வழியாக விண்ணப்பம். உங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று சேர்வதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எஸ்.சி. பிரிவு, பி.டெக். 71 சதவீதம். வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க அரசே முழுச் செலவும் கொடுக்கும் என்கிறார்களே?" – வாசகி, செய்யாறு

கொடுக்கும். மத்திய சமூக நீதித் துறையின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை அது. ஆண்டுக்கு 125 பேர்: எஸ்.சி.க்கு 115, சீர்மரபு மற்றும் நாடோடிப் பழங்குடியினருக்கு 6, நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுக் கைவினைஞர்களின் பிள்ளைகளுக்கு 4. இதில் 30 சதவீதம் பெண்களுக்கு. பட்டத்தில் 60 சதவீதம், ஏப்ரல் 1 அன்று 35 வயதுக்குள், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் என்பவை தகுதி. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் தர மாட்டார்கள். எஸ்.டி. மாணவர்களுக்குப் பழங்குடியினர் நல அமைச்சகத்தில் தனித் திட்டம், ஆண்டுக்கு 20 பேர்.

தேர்வு, நேர்காணல் எதுவும் இல்லை. சேரப்போகும் பல்கலைக்கழகம் கியூ.எஸ். என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசையில் முதல் 500-க்குள் இருக்க வேண்டும், மேலே இருக்க இருக்க முன்னுரிமை. ஆகவே உங்கள் மதிப்பெண்ணைவிட நீங்கள் வாங்கும் அனுமதிக் கடிதம்தான் இங்கே பேசும். அந்தக் கடிதத்திலும் ஒரு முள் இருக்கிறது. 'ஐ.இ.எல்.டி.எஸ். காட்டினால் அனுமதி', 'இறுதி மார்க் ஷீட் வந்தால் அனுமதி', 'முன்பணம் கட்டினால் அனுமதி' என்றெல்லாம் இருந்தால் அது நிபந்தனைக் கடிதம், செல்லாது. நிபந்தனை ஏதுமற்ற கடிதம் வேண்டும். எனவே ஆங்கிலத் தேர்வைச் சேரும் ஆண்டுக்கு முந்தைய ஆகஸ்டுக்குள் முடித்து, செப்டம்பர் முதல் டிசம்பருக்குள் விண்ணப்பித்து, முன்பணம் கேட்கும் பல்கலைக்கழகத்துக்கு 'அரசு உதவித்தொகைக்குக் காத்திருக்கிறேன், முன்பணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா' என்று எழுதுங்கள். பலர் ஒத்துக்கொள்வார்கள். கேட்காமல் விடுவதுதான் தப்பு.

டியூஷன் கட்டணம் நேரடியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போகும். விமானச் செலவு, விசா, மருத்துவக் காப்பீடு உண்டு. வாழ்க்கைச் செலவுக்கு ஆண்டுக்கு 15,400 டாலர். பிரிட்டன் என்றால் 9,900 பவுண்டு. மாதத்துக்கு 825 பவுண்டு வருகிறது. லண்டனில் இது அறை வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும். தரவரிசையில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் வாடகை குறைந்த ஊரைப் பாருங்கள் என்பது நம் யோசனை.

தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத் துறையும் வெளிநாட்டில் முதுநிலை படிக்க ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டம் வைத்திருக்கிறது. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள், ஒன்றைத்தான் ஏற்க முடியும்.

"நாங்கள் ஆதிதிராவிடர், தாத்தா காலத்தில் கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள். மேலே சொன்ன திட்டங்கள் எங்களுக்கு?" – வாசகர், வேடசந்தூர்

மத்திய அரசின் எஸ்.சி. திட்டங்கள் கிடையாது, 1950-ம் ஆண்டின் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினர் மட்டுமே பட்டியல் இனம். இந்த நியாயம் பற்றி வேறு பக்கத்தில் பேசலாம். காசுக்கு வழி: தமிழ்நாடு அரசு, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்குத் தன் நிதியிலிருந்து போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தருகிறது, மாநில வெளிநாட்டுத் திட்டத்திலும் சேர்த்திருக்கிறது. கேட், என்.ஐ.டி. விஷயத்தில் நீங்கள் ஓ.பி.சி.யாக வருகிறீர்களா என்று மத்தியப் பட்டியலைப் பார்த்து அந்தச் சான்றிதழை வாங்குங்கள்.

"மலையகத்தைச் சேர்ந்தவள். கணினிப் பொறியியல் பட்டம் முடித்து ஓராண்டு வேலை செய்கிறேன். முதுமாணிப் படிப்புக்குப் பிரித்தானியப் புலமைப்பரிசில் ஏதாவது உண்டா?" – வாசகி, ஹட்டன்

பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் பெயர் பெற்றது, ஆனால் அதற்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், ஏறத்தாழ இரண்டு ஆண்டு. உங்களுக்கு அடுத்த ஆண்டு பொருந்தும். படிப்பு முடிந்ததும் நாடு திரும்பி இரண்டு ஆண்டு இருக்க வேண்டும் என்பது அதன் விதி.

இப்போதே பொருந்துவது பொதுநலவாயப் பகிர்வுப் புலமைப்பரிசில். ஓராண்டு முதுமாணிப் படிப்பு, இலங்கையர் தகுதியானவர்கள். இதில் இரட்டை விண்ணப்பம்: புலமைப்பரிசில் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு நேரடியாக இன்னொன்று. அவர்கள் வெளியிடும் பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டுமே தருவார்கள் என்பதால் பட்டியலிலிருந்து தொடங்குங்கள், விருப்பத்திலிருந்து அல்ல. 'இந்தப் படிப்பால் உங்கள் நாட்டுக்கு என்ன' என்ற கட்டுரைக்குத்தான் மதிப்பு அதிகம். 'தொழில்நுட்பத்தால் சமூகம் வளரும்' என்று பொதுவாக எழுதினால் அடுக்கில் புதைந்துவிடும். தோட்டப் பாடசாலையில் இணைய வசதி எப்படி இருக்கிறது, லயன் குடியிருப்பில் கைப்பேசியில் தமிழில் ஒரு அரசு படிவம் நிரப்புவது ஏன் முடியவில்லை என்று நீங்கள் அறிந்த ஒன்றை எடுத்து, எந்தப் பாடம் அதற்கு உதவும் என்று எழுதுங்கள். பிரிட்டிஷ் கவுன்சிலின் 'ஸ்டெம் துறைப் பெண்கள்' புலமைப்பரிசிலையும் பாருங்கள். அதில் பங்கேற்கும் பல்கலைக்கழகங்களுக்கே விண்ணப்பிக்க வேண்டும்.

"எனக்கு 36 வயது. குழந்தைகளுக்காக எட்டு ஆண்டு வேலையை விட்டிருந்தேன். இனி எம்.டெக். சேர்ந்தால் ஸ்டைபண்ட் தருவார்களா?" – வாசகி, ஆவடி

கேட் தேர்வுக்கு வயது வரம்பே இல்லை. ஸ்டைபண்டுக்கு வேண்டியது முழுநேரப் படிப்பும் சேரும்போது செல்லும் ஸ்கோரும். வீட்டிலிருந்து பகுதிநேரமாகச் செய்யும் சம்பள வேலை இருந்தால் அதை விட வேண்டிவரும். பகுதிநேர எம்.இ.க்கு ஸ்டைபண்ட் இல்லை. எட்டு ஆண்டு இடைவெளியை எந்தப் படிவத்திலும் மறைக்காதீர்கள். இடைவெளிக்குக் காரணம் எழுதிய உறுதிமொழிக் கடிதம் ஒன்றைச் சில கல்லூரிகள் கேட்கும், கொடுத்தால் முடிந்தது.

"எம்.டெக்.குக்குப் பின் பிஎச்.டி. செய்யும்போது எஸ்.சி. மாணவர்களுக்கான தேசிய ஃபெலோஷிப் வாங்க கேட் போதுமா?" – வாசகர், விழுப்புரம்

போதாது, நெட் தேர்வில் (கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) தேறியிருக்க வேண்டும். பொறியியல் படித்த பலர் இதைக் கடைசியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். யூ.ஜி.சி. நெட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸும் எலெக்ட்ரானிக் சயின்ஸும் பாடங்களாக உண்டு. சிவில், மெக்கானிக்கல் இல்லை, அவர்கள் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் கேட் வழியாகச் சேர்ந்து நிறுவனமே தரும் ஆய்வு உதவித்தொகையை நம்பலாம். நெட் வழி ஜூனியர் ஃபெலோஷிப் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000.

"தேசிய உதவித்தொகைப் போர்ட்டலில் பதிந்து தர ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார். 'பாஸ் பண்ணி' வாங்கித் தருவாராம்." – வாசகி, மேலூர்

பதிவுக்குக் கட்டணமே கிடையாது. உங்கள் ஓ.டி.பி.யை அவரிடம் சொன்ன நிமிடத்திலிருந்து விண்ணப்பம் அவருடையது: கைப்பேசி எண்ணையும் வங்கிக் கணக்கையும் தன்னுடையதாகப் போட்டுக்கொண்டால் நீங்கள் அறியவே மாட்டீர்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், இன்றே உள்ளே போய் அந்த இரண்டு கட்டங்களையும் பாருங்கள். விண்ணப்பம் கல்லூரியின் சரிபார்ப்புக்குப் போகும் முன்பு என்றால் நீங்களே திருத்தலாம். போய்விட்டது என்றால் கல்லூரி உதவித்தொகை அலுவலரிடம் சொல்லித் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், கெடு முடியும் முன்.